ஆட்டுக்கல்லைச் சுற்றி வந்த வயலின்

எண்பதுகளின் தொடக்கம். சங்ககிரியில் பாட்டு டீச்சராக இருந்தேன். சின்ன வயசிலிருந்து சேலத்தில் முறையாகக் கர்நாடக வயலின் படித்தவள், கச்சேரிகளுக்கும் போய்க்கொண்டிருந்தேன். அந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்கு, எங்கள் பக்கம் நோம்பி என்போம், பெண்கள் முளைப்பாரிக் கும்மி பழகுவதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த மெட்டோடு என் வயலினும் சேர்ந்தே ஆகவேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

முன்பாட்டுப் பாடுகிற பெண்ணுக்கு என் வயசுதான் இருக்கும். போய்க் கேட்டேன்.

"தாராளமா வாங்க டீச்சர். ஆனா முளைப்பாரி முன்னால நாங்க யாரும் உக்கார்றதில்லீங்க. கூடவே சுத்தி வரோணும். பாட்டு முடியற மட்டும் வட்டம் நிக்கப்படாது, வேண்டுதலுங்க" என்றார்.

எனக்குத் திக்கென்றது. நாங்கள் சம்மணம் போட்டு, வயலின் தலையைப் பாதத்தில் ஊன்றி வாசித்துப் பழகியவர்கள். எழுந்து நின்றால் பிடிமானமே இல்லை. கமகத்துக்கு விரலை இழுத்தால் வயலினும் கூடவே வந்துவிடும். இதில் நடப்பது வேறு!

விடுவதாக இல்லை. லாரிப் பட்டறையில் பழைய டியூப் ரப்பர் வாங்கி, வயலினைத் தோளோடு சேர்த்துக் கட்டினேன். கொல்லையில் ஆட்டுக்கல்லை முளைப்பாரியாக வைத்துக்கொண்டு தினமும் சுற்றிச் சுற்றி வாசித்தேன். ஆட்டுக்கல்லுக்கே கச்சேரியா என்று கேட்டு வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கழுத்து கன்றிப்போனது, ஆனால் நடை வந்துவிட்டது.

நோம்பியன்று சாயங்காலம் ஊரே கூடியிருந்தது. பாதிப் பாட்டில் ரப்பர் பட்டென்று அறுந்தது. வயலின் சரிந்து நெஞ்சுக்கு வந்துவிட்டது. பின்னால் வருகிற பெண் என் முதுகை ஒட்டி வருகிறாள். நான் நின்றால் அவர்களுடைய வேண்டுதல் வட்டமே உடைந்துபோகும். வருவது வரட்டும் என்று வயலினை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு நடந்தேன். விரலை இழுக்க வழியில்லை, அதனால் கமகம் போயிற்று. வில்லையும் நீளமாகப் போட முடியவில்லை. கைதட்டலுக்கு ஒரு வெட்டு, அடுத்ததற்கு ஒரு வெட்டு என்று மெட்டை மட்டும் மொட்டையாக வாசித்தேன். அது அந்தக் கும்மிக்கு அப்படிப் பொருந்தியது! கடைசி அடி வரைக்கும் வட்டம் நிற்கவில்லை.

முடிந்ததும் முன்பாட்டுக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் வந்தார்.

"அடுத்த நோம்பிக்கும் வந்துருங்க டீச்சர். அந்த ரப்பரு வேண்டாமுங்க" என்றார்.

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு.

கும்மிக்கே வாசித்துவிட்டோம் என்ற தைரியத்தில், அதற்கப்புறம் வெளிநாட்டுக் கிராமத்துப் பாட்டு இசைத்தட்டுகளைத் தேடித் தேடிக் கேட்டு, அதையெல்லாம் வாசித்துப் பழகினேன். ஒரு இசைத்தட்டு உறையில் யாரோ ஒருவர் வயலினை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தார். ரொம்ப நாள் பழகியவரைப் பார்த்த மாதிரி இருந்தது. இன்றும் சபாவில் சம்மணம் போட்டுத்தான் வாசிக்கிறேன். ஆனால் எந்த ஊர்ப் பாட்டையாவது கேட்டு 'இது நமக்கு வராது' என்று தோன்றினால், வயலினை எடுத்துக்கொண்டு முதலில் எழுந்து நின்றுவிடுகிறேன்.