செவத்தான் வீட்டுக்குப் பாடு வாங்கித் தந்த அக்கா

அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அவரிடம் மீன் வாங்கி அவரோடு சண்டையும் போட்ட கும்மிடிப்பூண்டி, ஆரணி நண்பர்களுக்கும் இந்தத் தம்பியின் வணக்கம். முதலில் சாப்பிடுங்கள். பிறகு உட்கார்ந்து பொறுமையாக இதைப் படியுங்கள்.

இந்த நினைவு மலர் அச்சுக்குப் போகும் முன் இரண்டு தரப்பார் என்னிடம் வந்தார்கள். எங்கள் குப்பத்துப் பங்காளிகள், "அந்த வெள்ளக்காரன் சமாச்சாரத்த மட்டும் எழுதாதப்பா. பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கிற ஊடு, இன்னாத்துக்கு வம்பு?" என்றார்கள். ராயபுரத்துச் சொந்தங்கள் சொன்னது அதற்கு நேர்மாறு. அட்டையில் பெரிய பாய்மரக் கப்பல் படம் போட்டு, ஆங்கிலேயக் கேப்டன் வம்சம் என்று கொட்டை எழுத்தில் அச்சடிக்க வேண்டுமாம். இரண்டு தரப்பார் பேச்சையும் நான் கேட்கவில்லை. அக்கா இருந்திருந்தால் இருவரையும் வாசலிலேயே நிறுத்தி நாலு கேள்வி கேட்டு அனுப்பியிருப்பார். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் புத்தகத்தை மூடி வைத்துவிடலாம்.

அக்கா பிறந்தது பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பத்தில். செம்பட்டை முடி, பூனைக்கண். எங்கள் வீட்டில் தலைமுறைக்கு ஒருவருக்காவது அந்தக் கண் வந்துவிடும். ஊரில் எங்கள் வீட்டுக்கே செவத்தான் வீடு என்றுதான் பெயர். எங்கள் நைனாவின் தாத்தா ஒரு இங்கிலீஷ்காரர், கப்பல் உடைந்து கரை ஒதுங்கியவர். இந்த அளவு எல்லோருக்கும் தெரியும். அதற்குமேல் கேட்டால் நைனா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்க தாத்தா கேப்டன்டா" என்பார். அமாவாசை தவறாமல் பழவேற்காட்டில் இருக்கும் பழைய வெள்ளைக்காரர் கல்லறைகளில் தாத்தாவுடையது என்று அவர் நம்பிய ஒன்றுக்குப் போய்க் கற்பூரம் ஏற்றிவிட்டு வருவார். அந்தத் தாத்தாவுக்கு வாழ்க்கைப்பட்ட அவருடைய ஆயாவைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். கோபம்கூட வரும். ஏன் என்று எங்களுக்குத் தெரியாது.

என்னைப் பெற்றுப் போட்ட கையோடு அம்மா போய்விட்டார். என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தது அக்காதான். வலை பின்னக் கற்றுக்கொடுத்ததும் அவர், பள்ளிக்கூடம் போகாமல் ஏரியில் குதித்தபோது முதுகில் நாலு அடி வைத்ததும் அவர். பிறகு பக்கத்துக் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டுப் போனார். நல்ல மாப்பிள்ளை. இரண்டாம் வருஷம் ஐப்பசிப் புயலில் கட்டுமரத்தோடு கடல் அவரைக் கொண்டுபோய்விட்டது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

வெளியூர்க்காரர்களுக்காக இங்கே ஒன்று சொல்லவேண்டும். எங்கள் கரைக் குப்பங்களில் கடல் பங்கு என்று ஒரு முறை உண்டு. ஊரோடு தொழிலுக்குப் போன ஒருவனைக் கடல் கொண்டுபோய்விட்டால், ஆடித் திருவிழா முடிந்து முதல் வலை போடும் நாளில் அவன் மனைவி கூடையோடு தண்ணீரோரம் வந்து நிற்பாள். ஏலம் விடுவதற்கு முன்பே ஒவ்வொரு வலைக்காரரும் இரண்டு கையாலும் மீனை அள்ளி அவள் கூடையில் போடவேண்டும். தரையில் கொட்டக்கூடாது. அவள் உயிரோடு இருக்கும்வரை வருஷத்துக்கு ஒருமுறை அந்த மரியாதை உண்டு. பிச்சைக்கு வருகிறவர்களுக்கும் மீன் கிடைக்கும், இல்லை என்று சொல்லமாட்டோம். ஆனால் அது ஏலம் முடிந்தபிறகு, மணலில் சிந்திக் கிடப்பது. அக்கா அடுத்து வந்த ஆடியில் புகுந்த ஊர்க் கரையில் கூடையோடு நின்றார். மறு வருஷம் நைனாவுக்கு மூச்சிரைப்பு அதிகமாகிவிடவே, எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டார்.

நைனா இறந்தது அறுபதுகளில், எனக்குக் கல்யாணம் ஆன சில மாதங்களில். அப்போதுதான் வந்தது வினை. ஏரியில் இறால் நடமாடும் இடங்களில் எந்த வீடு எந்த நாளில் வலை கட்டலாம் என்று ஊர் முறை வைத்திருக்கிறது. அதற்குப் பாடு என்று பெயர். நைனாவின் பாடு எனக்கு வரவேண்டும். பாடு இல்லையென்றால் எங்கள் வீட்டுக்கு ஏரியில் கால் வைக்கிற உரிமை இல்லை, உலையில் அரிசியும் இல்லை. மேல வீட்டு மாமா, ஊரில் பெரிய கை, ஒரே போடாகப் போட்டார். "வெள்ளக்காரன் வெச்சிக்கினு இருந்தவ வம்சத்துக்குப் பாடு கெடையாது. இவுங்க நைனா பாடே சும்மா வுட்டு வெச்சது. தம்பிக்காரன் எங்கனா கூலிக்குப் போவட்டும்."

 ஊர்த் தலைவர் இரண்டுங்கெட்டானாக, ஆடித் திருவிழாவுக்குள் ஆயாவை அந்த வெள்ளைக்காரர் முறையாகக் கட்டியதற்கு ஏதாவது ஆதாரம் கொண்டுவாருங்கள் என்று தவணை கொடுத்தார். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினார்.

ராயபுரத்தில் துறைமுக வேலையில் இருந்த எங்கள் சித்தப்பா ஏற்கெனவே இதே வேலையாகத்தான் அலைந்துகொண்டிருந்தார். அவர் தெருவில் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தன. தாத்தா கேப்டன் என்று நிரூபித்தால் தானும் ஏறிவிடலாம் என்று அவருக்கு ஆசை. அக்காவுக்கு வேண்டியது இங்கிலாந்து இல்லை, ஏரி. ஆனாலும் இருவரும் சேர்ந்து தேடினார்கள். தேவாலயம் தேவாலயமாக ஏறி இறங்கினார்கள். அங்கிருந்த கல்யாணப் பதிவேடுகளில் எங்கள் ஆள் இருந்த தடயமே இல்லை.

கடைசியில் சித்தப்பா ஒரு பாதிரியாரைக் கூட்டிக்கொண்டு வந்து, நைனா கற்பூரம் ஏற்றிய கல்லறையைப் படிக்கச் சொன்னார். அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, "இது இங்கிலீஷே இல்லம்மா, டச்சு. உங்க தாத்தா காலத்துக்கு ரொம்ப முன்னாடி. அதோட இது ஒரு அம்மாவோட கல்லறை. யாரோ வியாபாரியோட சம்சாரம்" என்றார். சித்தப்பா முகம் செத்துப்போயிற்று. அக்கா கல்லறை மேலேயே உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். "அடப்பாவி நைனா! எவளோ டச்சுக்காரிக்கு இத்தினி வருசமா கற்பூரம் கொளுத்திக்கினு இருந்துருக்கியே!" சிரித்து முடித்ததும் அழுதார். கையில் இருந்த ஒரே ஆதாரமும் போய்விட்டது.

திருவிழாவுக்கு முன் கோயில் வாசலில் ஊர்க்கூட்டம் கூடியது. எங்கள் ஊர்க்கூட்டத்தில் பெண்கள் பேசும் வழக்கமில்லை. அக்கா நேராகப் போய் நடுவில் நின்றார்.

"இன்னாம்மே, நீ எங்க வந்த? உன் தம்பி பேசட்டும்" என்றார் தலைவர்.

"அவன் பேசமாட்டான், அயுதுருவான். நான் பேசறேன்."

உண்மைதான். 

மேல வீட்டு மாமா எழுந்தார். கல்லறைக் கதை அவர் காதுக்கும் எட்டியிருந்தது. "கேப்டன் பேத்தி வந்துட்டா! கல்லறையக் காட்டுடின்னா எவளோ டச்சுக்காரி கல்லறையக் காட்டிக்கினு வந்தியாமே!" கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பில் அவருக்கு வேகம் ஏறிவிட்டது. "இவுங்க கேப்டன் ஊடா? நான் சின்னப் பையனா கண்ணால பாத்தவன்யா. இவ நைனாவோட ஆயா, அதான் அந்த வெள்ளக்காரன் வெச்சிக்கினு இருந்தவ, கூடைய எடுத்துக்கினு ஒவ்வொரு வலையா பிச்ச கேட்டு வருவா. இவ நைனா சின்னப் பையன், கூடவே வருவான். எங்க நைனாவே எத்தினியோ வாட்டி மீனு போட்டிருக்காரு. பிச்ச எடுத்த ஊட்டுக்குப் பாடு ஒரு கேடா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா குனியவில்லை. மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இவருக்கா இந்தக் குரல் என்று நினைக்கும்படி மெதுவாகக் கேட்டார்.

"எப்ப வருவாங்க மாமா?"

"எப்பன்னா? வருசத்துக்கு ஒரு நாளு. ஆடித் திருவிழா முடிஞ்சி மொத வல போடுற அன்னிக்கு."

"ஏலம் முடிஞ்ச பொறவா?"

"எங்க? ஏலத்துக்கு முன்னாடியே வந்து தண்ணியோரம் நின்னுக்குவா மகாராணி!"

"உங்க நைனா மீன மணல்ல கொட்டினாரா?"

"மணல்ல எதுக்குக் கொட்டுறாரு? ரெண்டு கையாலயும் அள்ளிக் கூடையில..."

மாமா அங்கேயே நின்றுவிட்டார்.  அவருக்குப் புரிந்த அதே நொடியில் கூட்டத்துக்கும் புரிந்தது. 

"அந்தக் கூடைய நானும் எடுத்துக்கினு நின்னவ மாமா," என்றார் அக்கா. இப்போது குரல் அவருடைய சொந்தக் குரலாகிவிட்டது. "எங்க ஊட்டுக்காரரக் கடல் கொண்டுக்கினு போன பொறவு எனக்கும் அப்டித்தான் ரெண்டு கையால போட்டாங்க. வெச்சிக்கினு இருந்தவளுக்கு யாருனா ஏலத்துக்கு முன்னாடி கடல் பங்கு போடுவாங்களா? ஊரோட தொழிலுக்குப் போய்ச் செத்தவன் பொண்டாட்டிக்குத்தானே போடுவாங்க? உங்க நைனா போட்டாரு. நீயே உன் வாயால சொன்ன. இத்தினி பேரு கேட்டாங்க."

மாமா வேறு சாக்கு தேடினார். "இருந்தாலும் அவன் வேற சாதி, வெள்ளக்காரன்..."

"கடல் கேட்டுச்சா மாமா, நீ இன்னா சாதின்னு? உங்க நைனா கேட்டாரா? அவுருக்கு வராத சந்தேகம் உனக்கு எங்கிருந்து வந்துச்சி?"

 தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பாடு அவுங்க ஊட்டுதுதான். அவ்ளோதான், எழுந்து போங்க" என்றார். அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் வீட்டுப் பாடு எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் நைனா படத்தின் முன் உட்கார்ந்து ஓவென்று அழுதார். "பைத்தியக்கார நைனா! ஊரே குடுத்த மரியாதையப் பிச்சன்னு நெனச்சி மறச்சி வெச்சிட்டியே. அந்த ஆயா எம்மாம் நிமிர்ந்து நின்னுருப்பா. அதச் சொல்லாம கேப்டன் கேப்டன்னு எங்கள ஏமாத்திட்டியே." கூடையோடு போன சிறுவனை அந்த நாளில் யார் யார் கேலி செய்தார்களோ, அது அவரை ஆயுசு முழுக்க அரித்திருக்கிறது. 

சித்தப்பா மட்டும் விடவில்லை. "அப்போ கேப்டன்னு ஒண்ணியும் கெடைக்கலியா?" என்று கேட்டார். "கேப்டனா இருந்தா அடுத்த கப்பல் வந்ததும் ஏறிப் போயிருப்பான் சித்தப்பா. இவன் இங்கியே வல இழுத்து இங்கியே செத்தான். எனக்கு இவன்தான் வேணும்" என்றார் அக்கா. சித்தப்பா கோபித்துக்கொண்டு கை நனைக்காமலே ராயபுரத்துக்குப் பஸ் ஏறிவிட்டார்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கின. அக்கா முதல் பஸ்ஸில் கூடையோடு போய், கம்பெனி வாசல்களில் மீன் விற்றார். நாஷ்டாகூடச் சாப்பிடாமல் கிளம்பிவிடுவார். ஒருநாள் பேண்ட் சட்டை போட்ட ஒரு அதிகாரி அவர் கண்ணைப் பார்த்துவிட்டு, "நீங்க ஆங்கிலோ இந்தியனா?" என்று கேட்டாராம். "குப்பத்துக்காரி சார். தாத்தாவுக்கு இங்கிலாந்து. வஞ்சரம் வேணுமா, வேணாமா?" இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். என் மூத்தவனுக்குக் கம்பெனியில் வேலை கிடைத்தபோது, இனிப் பாடு எதற்கு, விட்டுக்கொடுத்துவிடுங்கள் என்று சிலர் நைசாகக் கேட்டார்கள். "அவன் கம்பெனிக்கும் போவான், ஏரிக்கும் போவான். உங்க வேலையப் பாத்துக்கினு போங்க" என்று அக்கா முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டார்.

போன வருஷம் வயிற்றில் வந்த கட்டி அவரைப் படுக்கையில் தள்ளியது. பொன்னேரியில் காட்டினோம், சென்னைக்கும் கொண்டுபோனோம். "போதும், ஊட்டுக்கு இட்டுக்கினு போ" என்றார். கடைசி வாரத்தில் மேல வீட்டு மாமா தடியூன்றிக்கொண்டு பார்க்க வந்தார். "உன் வாய் மட்டும் இல்லன்னா நீ நல்ல பொம்பள" என்றார். "வாய் இல்லன்னா நீ என்னிய எதுக்கு மாமா பாக்க வர்ற?" என்றார் அக்கா. இருவரும் சிரித்தார்கள். மாமா வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அக்கா ஒரு வெள்ளிக்கிழமை காலையில், என் மனைவி கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தபோது அடங்கிப்போனார்.

தினமும் அவர் கூடையைப் பஸ்மேல் ஏற்றி இறக்கிய கண்டக்டர் தம்பிகளுக்கும், பேஜாரு பார்க்காமல் வீட்டுக்கே வந்து ஊசி போட்ட கம்பவுண்டருக்கும், அவரோடு மீன் விற்ற, அவரைக் குளிப்பாட்டிய, அவருக்காக ஒப்பாரி வைத்த பெண்களுக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். மேல வீட்டு மாமாவுக்கும் நன்றி. கிண்டலுக்குச் சொல்லவில்லை. அன்று அவர் வாயைத் திறந்திராவிட்டால் எங்களுக்கு எதுவும் கிடைத்திருக்காது.

இன்று அக்காவுக்குப் படையல். நாளை விடிந்தால் முகத்துவாரத்துப் பக்கம் எங்கள் வீட்டு முறை வருகிறது. துக்க வீடுதானே, போகமாட்டான் என்று யாரும் கணக்குப் போடவேண்டாம். நானும் என் மகன்களும் வலையோடு போகிறோம். அது செவத்தான் வீட்டுப் பாடு. வேறு யாரும் அங்கே வலை இறக்காதீர்கள்.