குசினியைக் காட்டச் சொன்னேன்

போன செவ்வாய்க்கிழமை ஒரு வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுவும் அவர்கள் தருகிறோம் என்ற பிறகு!

ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரத்தில் ஒரு பெரிய உணவகம். குசினியில், சமையலுக்கு உதவி வேலை. முன்பு வேலை செய்த இடத்தை மூடி மூன்று மாதமாகிவிட்டது. எனக்கோ அறுபது வயது. இந்த நாட்டு டொச் மொழி எனக்குச் சந்தையில் சாமான் வாங்குவதோடு சரி. கடுதாசி வந்தாலோ, கந்தோர், அலுவலகம் என்று போவதென்றாலோ தங்கையின் மகள் சுதா கூட வருவாள்.

முதலாளிக்கு நல்ல சிரிப்பு. கோப்பி தந்தார். "இங்கே எல்லோரும் ஒரே குடும்பம்" என்றார். ஐந்தே நிமிடத்தில் ஒப்பந்தமும் பேனாவும் முன்னால் வந்தன. இவ்வளவு அவசரம் ஏன்?

"குசினியை ஒருக்காப் பாக்கலாமோ எண்டு கேள்" என்றேன் சுதாவிடம்.

"ஐயோ பெரியம்மா! கேள்வி கேக்கிறது அவையின்ரை வேலை. பேசாமல் ஒப்பத்தை வையுங்கோ."

"கலியாணம் பேசப் போன வீட்டில குசினியை எட்டிப் பாக்கிறேல்லையோ? கேள் பிள்ளை."

காட்டினார். நான்தான் முதலில் நுழைந்தேன். பளபளவென்று பாத்திரங்கள். நாலு பெண்கள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளியின் தலை தெரிந்ததும் சிரிப்பு நின்றது. ஒருத்தி தின்றுகொண்டிருந்த பாண் துண்டை அப்படியே சட்டைப்பைக்குள் ஒளித்தாள்.

எனக்கு அது போதும். பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

பஸ்ஸில் சுதா பொரிந்து தள்ளினாள். "வேலை தேடித் தாற அர்பைட்ஸ்அம்டில காரணம் கேப்பினம். என்னத்தைச் சொல்லுறது?"

"ஒருத்தி பாணை ஒளிச்சவள் எண்டு சொல்லு."

"அவை நிரப்பச் சொல்லுற போர்மில அப்பிடி ஒரு கட்டம் இல்லைப் பெரியம்மா!"

பயம் வரவில்லையா என்றால், வந்தது. இந்த வயதில் இன்னொரு கதவு திறக்குமா? ஆனால் வயிற்றுக்குள் ஒன்று 'வேண்டாம்' என்று சொன்னால், அதைச் சும்மா சொல்லாது. நேர்முகத்தில் அவர்கள் மட்டும்தான் நம்மைப் பார்க்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது?

வெள்ளிக்கிழமை ஒரு முதியோர் இல்லத்தில் கூப்பிட்டார்கள். சுதாவும் கூட வந்தாள். தலைமைச் சமையல்காரி மலை மாதிரி ஒரு மனுசி. சிரிப்பும் இல்லை, கோப்பியும் இல்லை. கத்தியைத் தந்து, ஒரு வாளி உருளைக்கிழங்கைக் காட்டினாள். உரித்தேன். அப்போது வேலைக்காரப் பெட்டை ஒருத்தி, "சூப்பில் உப்புக் கூடிப்போச்சு!" என்று அந்த மனுசியைப் பார்த்தே கத்தினாள். நான் உரிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். மனுசி ஒரு கரண்டி குடித்தாள். முகம் சுளித்தாள். "என் பிழைதான்" என்று தண்ணீரை எடுத்து ஊற்றினாள்.

சுதா அவர்கள் தந்த ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டுவதற்குள் நான் ஒப்பம் வைத்துவிட்டேன்.