தொண்ணூற்றாறு டிஸ்க்கில் ஒன்று மட்டும்

கணினி மையத்தில் அவளை எல்லோரும் டிஸ்க் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அங்குள்ள பெரிய கணினி போடும் கணக்குகளின் விடைகள் டிஸ்க்குகளில் வேகமாகப் பதிவாகி, பத்திரமாக இருப்பதைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. பதினோரு வருடமாக அந்தக் குளிர் அறையில் வேலை. "கொளுத்துற வெயில்ல ஸ்வெட்டரோட கிளம்புற ஒரே ஆள் நீதான்" என்று புருஷன் தினமும் கிண்டல் செய்வான்.

ஒரு புதன்கிழமை காலை, புயல் சார் மூச்சிரைக்க வந்து நின்றார். புயல் அடித்தால் கடல் எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்று கணக்கிடுபவர்.

"அக்கா, உங்க டிஸ்க் நத்தையா நகருது! பத்து நிமிஷக் கணக்கை எழுத இருபது நிமிஷம். மூணுல ஒரு பங்குதான் முடிஞ்சிருக்கு. வெள்ளிக்கிழமை அஞ்சு மணியோட கணினியில எனக்குக் கொடுத்த நேரம் தீருது. விட்டா ஆறு மாசம் காத்திருக்கணும்."

"நத்தைன்னு மெதுவா சொல்லுங்க சார், அதுக்குக் காது கேக்கும்."

சிரித்துக்கொண்டே திரையைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தொண்ணூற்றைந்து டிஸ்க்குகள் சும்மா கிடந்தன. ஒன்று மட்டும் சிவப்பாகத் திணறியது. அவருக்குக் கொடுத்த ஃபோல்டரில், எல்லாவற்றையும் ஒரே டிஸ்க்கில் எழுதும்படி யாரோ வைத்திருந்தார்கள். யாரோ என்ன, அவளேதான்! இரண்டு மாதம் முன்பு ஒரு சோதனைக்காக வைத்தது. மாற்ற மறந்துவிட்டாள்.

சத்தமில்லாமல் சரிசெய்தால் அவருக்குத் தெரியவே போவதில்லை. திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"சார், தப்பு என்னுது."

புயல் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "சரி, இப்ப மாத்துங்க!"

"புதுசா எழுதுற ஃபைலுக்குத்தான் அது செல்லும். ஓட்டத்தை நிறுத்திட்டு, புது ஃபோல்டர்ல தொடங்கணும்."

"நிறுத்தினா திரும்ப எழுந்திருக்குமா?"

"கடைசியா சேமிச்சதைச் சரிபார்த்துட்டுதான் நிறுத்துவேன். அங்கிருந்து எழுப்பிடலாம்."

சரிபார்த்தாள். நிறுத்தினாள். மறுபடி ஓடத் தொடங்கியதும் தொண்ணூற்றாறு டிஸ்க்குகளும் சேர்ந்து எழுதின. இருபது நிமிட வேலை ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது.

"என்னக்கா, நத்தைக்கு ரெக்கை முளைச்சிடுச்சு!"

வெள்ளிக்கிழமை காலை அவள் வந்தபோது மொத்தக் கணக்கும் முடிந்திருந்தது. 'சோதனை முடிந்ததா? பழையபடி மாற்றினாயா?' என்று எழுதித் தன் மேசையில் ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போனாள். திரும்பி வந்து பார்த்தால், அதன் கீழே ஸ்வெட்டர் போட்ட நத்தை ஒன்றை யாரோ வரைந்திருந்தார்கள்.

அவள் அதைக் கிழிக்கவில்லை.