பாம்புக்கு வியாழக்கிழமை

நேற்று பரணில் கிடந்த டப்பா ஒன்றைத் திறந்தேன். குப்பென்று சென்னாக்குன்னி வாடை. காய்ந்த பொடி இறால் போட்டு வைத்த டப்பா. இறால் தீர்ந்து பல வருடமாகியும் வாடை மட்டும் காலி செய்ய மாட்டேன் என்கிறது. அடியில் இருபது முகம் கொண்ட நீலப் பகடை! அப்படியே தரையில் உட்கார்ந்து உருட்டினேன். பதினேழு. யாரிடம் காட்டுவது?

இந்தப் பகடை உருண்ட காலத்தில் பழவேற்காடு கடைவீதியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் எனக்கு வேலை. தேவியும் அங்கேதான், அவள் டைப் அடிப்பாள், நான் மெஷினைத் திட்டுவேன். ஞாயிறு மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, படகு வேலை முடித்து வரும் குணாவையும் சேர்த்துக்கொண்டு விளையாடுவோம். காலேஜ் ஹாஸ்டலில் எனக்குப் பிடித்த பைத்தியம் அது. ஒருத்தர் கதை நடத்துவார். மற்றவர்கள் அதில் ஆளுக்கொரு பாத்திரம். செய்யப்போவதைச் சொல்லிப் பகடை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் நடக்கும், சின்ன எண் விழுந்தால் சொதப்பல். கதை நடத்துவது நான். என் கதையெல்லாம் ஒரே வெட்டு, குத்து. பல்லியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிறவள் நான்!

அந்த ஞாயிறு குணா உட்காரும்போதே சொன்னான்: "இன்னியோட சரி. தேவி ஊர்க்காரங்ககூட ஒக்காராதன்னு நைனா சொல்ட்டாரு."

ஏரியில் இன்ன இடத்தில் இன்ன நாள் இன்னார் வலை கட்டலாம் என்று முறை வைப்பதற்குப் பாடு என்று பேர். அதில் அவன் குப்பத்துக்கும் தேவி குப்பத்துக்கும் தகராறு. குணா போய்விட்டால் ஆட்டமும் போச்சு. எனக்கு அழுகையே வந்தது. அதை மறைக்க, அன்றைய கதைக்குத் தயாராக வைத்திருந்த ஏரிப் பாம்பை அவசரமாக எழுப்பினேன். ஏழு தலை. படகையெல்லாம் கவிழ்க்கிறது, மீனையெல்லாம் விழுங்குகிறது. "வாளை எடுங்க!" என்றேன்.

தேவி எடுக்கவில்லை. "இன்னாத்துக்கு வெட்டணும்? அதுக்கும் வவுறு கீதில்ல? ஒரு நாள் பாடு குட்த்துடலாம்."

பாம்புக்குப் பாடா! தலைக்கொரு பேர் வைத்து மூன்று நாள் உழைத்தவள் நான். ஆனால் குணா நிமிர்ந்துவிட்டான். "எந்த நாளு?"

சண்டையில்லாமல் எப்படி நடத்துவது? வாய்க்கு வந்த விதியைச் சொன்னேன்: மூன்று தரம் தோற்பதற்குள் நாலு தரம் ஜெயிக்க வேண்டும். ஒவ்வொரு தரமும் வேறு வித்தை. ஆயுதம் கூடாது.

குணா காற்றைப் பார்த்துச் சத்தமில்லாமல் படகைப் பாம்பின் பக்கத்தில் நிறுத்தினான்: வெற்றி. தேவி மீன் விற்கிற குரலில் பேரம் பேசினாள்: வெற்றி. பாட்டுப் பாடி மயக்கப் பார்த்தாள்; பாம்புக்குக் காதில்லை என்று குணா சிரித்தான்: தோல்வி. பாம்பின் பல்லில் மாட்டியிருந்த வலையைக் குணா எடுத்துவிட்டான்: வெற்றி. தேவி மிரட்டினாள்: தோல்வி.

கடைசி உருட்டல் குணாவுடையது. "இன்னா செய்யற?" என்றாள் தேவி.

"ஒண்ணியும் செய்யல. அது சாப்ட்டு முடிக்கட்டும்னு பக்கத்துல ஒக்காந்துனு கீறேன்."

பொறுமை என்றொரு வித்தையை அந்த நிமிடமே உண்டாக்கினேன். பகடை மெஷினுக்கு அடியில் ஓடியது. மூன்று பேரும் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தோம். பதினெட்டு! நாங்கள் போட்ட கூச்சலில் எதிர் டீக்கடைக்காரர் ஓடிவந்து ஷட்டரைத் தட்டினார். தேவி ஒரு தாளில் எழுதினாள்: வியாழக்கிழமை பாம்புக்கு, மீதி ஆறு நாள் நமக்கு. குணா அதைப் படித்துவிட்டுக் கிளம்பிப் போனான்.

அடுத்த ஞாயிறு ஷட்டருக்கு அடியில் அவன் கால் தெரிந்தது!

"நைனாகிட்ட இன்னா சொன்ன?" என்று பறந்தாள் தேவி.

"மூணு தபா தோக்கறதுக்குள்ள நாலு தபா ஜெயிக்கணும்ல? வலக் கிழிசலத் தெச்சுக் குட்த்தேன். டீ வாங்கியாந்தேன். படகக் கழுவி வுட்டேன். ரெண்டு தபா அடிக்க வந்தாரு. அப்பால நான் வாயே தொறக்கல, பக்கத்துல ஒக்காந்துனே இருந்தேன். போய்த் தொலன்னாரு."

அப்புறம் நான் நடத்திய கதைகளில் வாள் துருப்பிடித்ததுதான் மிச்சம். எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்!

குணா கப்பல் வேலைக்குப் போனான். தேவிக்கு ஆரம்பாக்கத்தில் வேலை கிடைத்தது. ஜெராக்ஸ் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். டப்பாவில் பகடையோடு அந்தத் தாளும் இருந்தது. மீதி ஆறு நாள் நமக்கு என்று தேவியின் கோணல் கையெழுத்து. மூன்று பேரும் சேர்ந்து உட்கார இப்போது ஒரு ஞாயிறுகூட வாய்ப்பதில்லை. ஏழு நாளும் பாம்பின் பாடுதான்.