ஏழு மணிக்குப் பூட்டும் கேட்

என் மகள் கேட்டது ஓர் அட்டை வீடு. நான் செய்து கொடுத்தது ஐந்து மோட்டார் வைத்த வீடு. கேட்டதைக் கேட்டபடி கொடுக்கும் பழக்கம் எனக்கு எப்போதுமே இருந்ததில்லை.

அவளுக்கு அப்போது பத்து வயது. அவளும் அவள் அம்மாவும் என்னை விட்டுவிட்டுத் தீவுக்கு அக்கரையில், தாசேக் கெலுகோரில் இருக்கும் மைத்துனர் வீட்டுக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய்ப் பார்க்கலாம். ஆனால் பள்ளி விடுமுறைக்கு மகள் பினாங்குத் தீவில் ஜார்ஜ்டவுனுக்கு வந்து என்னோடு இரண்டு வாரம் தங்க வேண்டும் என்பது என் ஆசை. “அவளே வரேன்னு சொன்னா அனுப்புறேன்” என்று அம்மாக்காரி சொல்லியிருந்தாள். மகளைச் சொல்ல வைப்பதற்காகத்தான் அந்த வீடு.

நான் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்ப்பவன். இருபது வருடம் மெஷின்களோடு இருந்துவிட்டேன். மெஷின் சொன்னதைச் செய்யும். செய்யாவிட்டால் திறந்து பார்க்கலாம். மனிதர்களிடம் அந்த வசதி இல்லை.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், நாங்கள் மூவரும் இருந்த பழைய மாடி வீட்டில்தான் இன்னும் வாடகைக்கு இருக்கிறேன். அதைப் போலவே செய்தேன். மெல்லிய பலகையை அறுத்து ஒட்டினேன். பச்சை ஜன்னல் இரண்டு, வாசல் கதவு, மகளின் அறைக் கதவு, முன்னால் பக்கவாட்டில் நகரும் கேட். ஐந்துக்கும் ஆளுக்கொரு சின்ன மோட்டார். கூடத்தில் ஒரு குட்டி விளக்கு. தரைக்கு அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு சர்க்யூட் போர்ட். அது மைத்துனர் வீட்டு வைஃபையைப் பிடித்துக்கொண்டு, நான் எங்கிருந்து கைப்பேசியைத் தட்டினாலும் கேட்கும். கேட்தான் உயிரை வாங்கியது. பல்சக்கரத்தில் ஒரு பல் தாண்டினாலும் பாதி வழியில் நின்று உறுமியது. மூன்று முறை கழற்றி மாட்டினேன். நான்காவது முறை அது வழுக்கிக்கொண்டு போய் மூடியபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது.

எல்லாம் முடிந்த பிறகு போர்டுக்கு இன்னொரு கட்டளை எழுதினேன். மாலை ஏழு மணியானால் கேட் தானாக மூடிக்கொள்ளும். காலை வரை திறக்காது. நிஜ வீட்டிலும் அதுதான் சட்டம். பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கு மக்ரிப் பாங்கு ஒலிப்பதற்குள் பூட்டிவிடுவேன், சாவி என் சட்டைப் பையில். ஊர் கெட்டுக் கிடக்கிறது, குடும்பஸ்தன் வேறு என்ன செய்வான்?

காரின் முன்சீட்டில் வைத்து, பெல்ட் போட்டு, கடல் பாலத்தைக் கடந்து கொண்டு போனேன். மகள் பார்த்ததும் கத்தினாள்.

“அப்பா, இது நம்ம வீடு!”

அவள் கை கேட்டுக்குப் போனது. தட்டிவிட்டேன்.

“கையால தொடாத, மோட்டார் பல்லு போயிரும். எது வேணும்னாலும் அப்பாகிட்ட சொல்லு, நான் போன்ல தொறந்து விடுறேன்.”

“நீங்க பினாங்குக்குப் போயிட்டா?”

“அங்க இருந்தாலும் முடியும்லா!”

அடுப்படி வாசலில் நின்ற அவள் அம்மா, “இங்க வந்தும் கேட்டு உங்க கையிலதானா?” என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு எதைச் செய்தாலும் குற்றம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் சந்தோஷமாகத்தான் போனது. வேலை முடிந்து வந்ததும் இங்கிருந்து விளக்கை இரண்டு முறை அணைத்து ஏற்றுவேன். அம்மாவின் கைப்பேசியில் மகளின் குரல் வரும்: “அப்பா, வெளக்கு எரியுது!” நான்காவது வாரம் ஒரு புதன்கிழமை, கைப்பேசியில் ‘இணைப்பு இல்லை’ என்று வந்தது. வியாழனும் அதேதான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அழைத்துக் கத்தினேன்.

“வைஃபை பாஸ்வேர்ட மாத்திட்டியா?”

“நான் ஒண்ணும் மாத்தல. ஞாயித்துக்கெழம வந்து உங்க மகளக் கேளுங்க.”

போனேன். முன் வராந்தாவில் அந்தப் பலகை வீடு இருந்தது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு விரலால் கேட்டைத் தள்ளித் திறந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து போய் ஒரு மைலோ டின்னை எடுத்து வந்து நீட்டினாள். உள்ளே ஐந்து மோட்டார், விளக்கு, போர்ட், ஒயர், திருகாணிகள் தனியாக ஒரு பிளாஸ்டிக் பையில். என் மகள்தான், சந்தேகமில்லை. நான் கழற்றினால்கூட இவ்வளவு சுத்தமாக இருக்காது.

“யாரு கழட்டச் சொன்னா? அம்மாவா?”

“யாரும் சொல்லல. மாமா ஸ்க்ரூடிரைவர்ல நானேதான்.”

“ஏன்?”

அவள் கேட்டுக்கு வெளியே நின்ற இரண்டு பொம்மைகளைக் காட்டினாள். ஒன்று பெரியது, ஒன்று சின்னது.

“அம்மா பொம்மைக்கு எட்டு மணிக்குத்தான்பா வேலை முடியும். ஏழு மணிக்கே கேட்டு மூடிக்கிது. பாப்பாவும் அதும் டெய்லி வெளியவே நிக்கிதுங்க.”

மகள் குத்திக் காட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அவர்கள் என்னை விட்டுப் போனதற்கு முந்தின நாள். தீபாவளி வியாபாரம். துணிக்கடை வேலை முடிந்து, மகளையும் கூட்டிக்கொண்டு மனைவி வந்து சேர எட்டு மணி தாண்டிவிட்டது. நான் கேட்டைத் திறக்கவில்லை. அரை மணி நேரம் அஞ்சடியில், தெருவோர நடைபாதையில் நிற்கவைத்தேன். எதிரே நாசி கண்டார் சோற்றுக்கடை வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு “அப்பா, அப்பா” என்றாள். சாவி என் பையில்தான் இருந்தது. அரை மணி நேரம்தானே என்று அதன் பிறகு எத்தனை பேரிடம் வாதாடியிருக்கிறேன்! இப்போது சொல்லவும் நாக்கூசுகிறது.

டின்னை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன், “லீவுக்கு அப்பா வீட்டுக்கு வரியா?”

யோசித்தாள். வரமாட்டேன் என்று சொல்லவில்லை. அதை நான் மறக்கவே மாட்டேன். என் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“அங்க கேட்ட யாருப்பா பூட்டுவா?”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்.

“நான்தான். வேற யாரு?” என்றேன். யோசிக்கவே இல்லை, அப்படியே வந்துவிட்டது.

“ஓ” என்றாள். குனிந்து இரண்டு பொம்மைகளையும் உள்ளே எடுத்து வைத்து, விரலால் கேட்டை மெதுவாக மூடினாள்.

விடுமுறை வந்தது, போனது. அவள் வரவில்லை. மைலோ டின் சமையலறை அலமாரியில் இருக்கிறது. கேட்டை இன்னும் ஏழு மணிக்குத்தான் பூட்டுகிறேன். வெளியே நிற்க யாரும் இல்லை.