எட்டுப் பாட்டுக்கு ஒரு நம்பர்

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு நோர்வூட் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது, எங்கள் பழைய பேண்டில் கிட்டார் வாசித்தவனுடைய மெசேஜ் வந்தது. யாரோ இறக்கிவைத்த லீக்ஸ் மூட்டை என் காலில் ஏறி உட்கார்ந்திருந்தது. ஒரு கை கம்பியில், இன்னொரு கை தவணைப் பரீட்சை விடைத்தாள் கட்டில். பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் போனைப் பார்க்க முடிந்தது. எட்டுப் பாட்டு அனுப்பியிருந்தான். கூடவே ஒரு குரல் பதிவு.

“அக்கா, என்னோட தனி ஆல்பம் முடிஞ்சிருச்சு. நம்ம மூனு ஆல்பத்தோட வச்சுப் பாத்து ஒரு நம்பர் சொல்லுங்க. நம்ம தம்பிதானேன்னு கூட்டிப் போடாதீங்க. ஏஜென்சிக்காரன் ஞாயித்துக்கெழமைக்குள்ள பதில் கேக்குறான். நீங்க சொல்றத வச்சுத்தான் போறதா இருக்கிறதான்னு முடிவு பண்ணப் போறேன்.”

வளைகுடா நாட்டில் ஒரு ஹோட்டல் வேலை. விசா வந்துவிட்டது, இவன் சரி என்றால் போதும் என்று முன்பே சொல்லியிருந்தான். எனக்கு முதலில் வந்தது எரிச்சல். ஏற்கெனவே நாற்பது பிள்ளைகளின் தலையெழுத்து கையில் கனத்துக்கொண்டிருக்கிறது. இதில் இவனுடையதும் சேர வேண்டுமா? வீட்டுக்கு ஏறும் பாதையில் முழங்கால் வேறு ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவை முறைப்பாடு சொன்னது.

எங்களுடையது ஒரு ரொக் பேண்ட். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் நான்கு பேர். நான் பாடினேன். கந்தப்பளையிலிருந்து வரும் இவன் கிட்டார். மற்ற இருவரில் ஒருவன் இப்போது கொழும்பில் துணிக்கடையில் நிற்கிறான், மற்றவன் கட்டாரில் லொறி ஓட்டுகிறான். பேண்ட் என்று இன்று மிச்சமிருப்பது ஒரு வாட்ஸ்அப் குரூப். அதில் பிறந்தநாள் கேக் படங்கள் மட்டும் தவறாமல் வரும்.

நம்பர் சொல்வது எங்கள் பழக்கம். ஒவ்வொரு ஆல்பம் முடிந்ததும் ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து பத்துக்கு எவ்வளவு என்று ஆளுக்கு ஆள் சொல்ல வேண்டும். நம்பர் முதலில், காரணம் பிறகு. காரணத்தை முதலில் பேசவிட்டால் எல்லோரும் வழவழா கொழகொழா என்று பேசி ஏழில் வந்து நின்றுவிடுவார்கள் என்பது இவனுடைய கண்டுபிடிப்பு.

முதல் ஆல்பத்துக்கு நான் போட்டது ஆறு. தோட்டத்துப் புள்ளைக் காம்பராவில், கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் அந்த அறையில், ஞாயிற்றுக்கிழமைகளில் தொட்டில் துணிகளைச் சுவரில் தொங்கவிட்டுப் பதிவு செய்தோம். தகரத்தில் விழும் மழை எல்லாப் பாட்டிலும் இருக்கும். எந்தப் பாட்டுக்கும் முடிக்கத் தெரியாது. களைத்துப்போய் நிறுத்துவோம், அதுதான் முடிவு. இரண்டாவது ஆல்பம் எட்டு. அதில்தான் இவன் சும்மா இருக்கக் கற்றுக்கொண்டான். நான் பாடும்போது கிட்டார் ஒதுங்கி நிற்கும், மூச்சு விடும் இடத்தில் மட்டும் வந்து ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகும். அந்த ஆல்பத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கர்வம்தான், மறைப்பானேன். மூன்றாவதைக் கொழும்பில் நல்ல ஸ்டூடியோவில் செய்தோம். எல்லாம் சுத்தமாக இருந்தது. பலமுறை துவைத்த யூனிபோர்ம் போல நிறமே இல்லை. இவனும் அதில் வாசித்துத் தள்ளிவிட்டான், எனக்குப் பாட இடமில்லை. ஐந்து. அதற்குப் பிறகு நாங்கள் கூடவில்லை.

சனிக்கிழமை விடைத்தாள் திருத்திக்கொண்டே முதல் முறை கேட்டேன். இயர்போனில் ஒரு காது செத்துப்போயிருந்தது. முதல் இரண்டு பாட்டும் மூன்றாவது ஆல்பத்தில் மிஞ்சிய சாமான். மூன்றாவதில் நல்ல ஒரு மெட்டு வந்தது, அதை அவனே ஓடி ஓடி வாசித்துக் கலைத்துவிட்டான். நான்காவதில் பாட ஆரம்பித்தான். ஐயோ. இவன் பேசினால் கேட்டுக்கொண்டிருக்கலாம். பாடினால் நான் காலையில் வகுப்பில் பெயர் வாசித்து இடாப்புக் கூப்பிடுவது போல இருக்கிறது. ஐந்தாவது பாட்டில் அந்தக் குரலே கொஞ்சம் பொருந்தியது, அது எனக்குப் பிடிக்கவில்லை. நான் பாட வேண்டிய இடங்களில் இவன் பாடுகிறான் என்ற வயிற்றெரிச்சல் இருந்தது, இருக்காதா என்ன? அதற்கு மேல் கேட்கும்போதே தூங்கிப்போனேன், விடைத்தாளின் மேலேயே.

எழுந்தபோது மனதில் ஐந்து என்று இருந்தது. அதைச் சொன்னால் போய்விடுவான். அவனும் போனால் குரூப்பில் கேக் படம் பார்க்க நான் ஒருத்திதான் மலையில் மிச்சம். பள்ளிக்கூடத்துக் காலைக் கூட்டத்தில் தேவாரம் பாடுவதைத் தவிர என்னைப் பாடச் சொல்லி யாரும் கேட்டு வெகு காலமாகிறது. இன்னொரு ஆல்பம் என்று என்றைக்காவது இவன் ஒருவன் கூப்பிடுவான் என்றுதான் உள்ளுக்குள் காத்திருந்தேன். அதனால் நல்ல நம்பர் சொல்லவே எனக்கு ஆசை. ஆனால் எங்கள் டீக்கடையில் யாரும் யாருக்கும் பொய் நம்பர் சொன்னதில்லை. மிச்சத்தையும் ஒழுங்காகக் கேட்டுவிட்டு முடிவு செய்வோம் என்று தள்ளிப் போட்டேன்.

ஞாயிறு காலையில் வகுப்புக்காக வாங்கியிருந்த ஸ்பீக்கரை ஜன்னலில் வைத்து, சத்தத்தைக் கூட்டி, முதல் பாட்டிலிருந்து போட்டுவிட்டு, துணி வாளியைத் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போனேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் குழாயில் தண்ணீர் விழும் அந்த இடத்தில் நின்றால் காம்பராவில் பாடுவது ஓரளவு கேட்கும். பனி இறங்கி மூடியிருந்தது. தண்ணீர்ச் சத்தமும் சேர, பாட்டுகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து வந்து போயின. நான் படுக்கை விரிப்பில் மும்முரமாக இருந்தேன்.

அப்போது தப்பு மேளச் சத்தம் கேட்டது.

சாவுக்கு அடிக்கும் அடி. கலியாணத்துக்கு ஒன்று, காமன் கூத்துக்கு ஒன்று, திருவிழாவுக்கு ஒன்று என்று அடி வேறு வேறு. எங்கள் தோட்டத்தில் பிறந்த யாருக்கும் அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆள் வந்து சொல்வதற்கு முன்பே தப்பு சொல்லிவிடும். மேல் லயத்தில் பழைய வாட்சர் ஒருவர் இழுத்துக்கொண்டு கிடந்தார், அவராகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். திங்கட்கிழமை லீவு கேட்க வேண்டுமே என்றும் உடனே நினைத்தேன். களைத்த மனசு அப்படித்தான் வேலை செய்கிறது.

ஈர விரிப்போடு லயத்துக்கு முன்னால் வந்தேன். பக்கத்துக் காம்பரா அத்தை சோற்றுப் பானையை இறக்கிவைத்து அடுப்பை அணைத்துவிட்டு, வேறு சேலையை அவசரமாகச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றாள்.

“எந்த லயத்துலன்னு தெரியுமா டீச்சர்?” என்றாள்.

“மேல் லயமா இருக்கும் அத்தை.”

“பாவம், நேத்துக்கூட கஞ்சி குடிச்சாருன்னாங்க.”

அதற்குள் இரண்டு பக்க லயத்திலும் ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். ஒருவர் யாருக்கோ போன் போட்டு, கெளம்பி வாங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசிக் காம்பராக்காரர், எங்கள் பக்கத்தில் சாவு என்றால் குழி வெட்ட முதலில் போகிறவர், மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பாதைக்கே வந்துவிட்டார். எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டு நின்றோம். பனியில் ஒன்றும் தெரியவில்லை.

பிறகு அந்த அடிக்கு மேலே கிட்டாரில் ஒரு நீளமான சுரம் எழுந்தது. எழுந்து அப்படியே நின்றது.

எல்லோரும் மெதுவாகத் திரும்பி என் ஜன்னலைப் பார்த்தார்கள். வெட்கத்தில் செத்தேன். அது தப்பு மேளமே இல்லை. கிட்டார்க் கம்பிகளை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு மறு கையால் அடித்திருக்கிறான். ஸ்பீக்கரை நிறுத்த ஓடினேன். அத்தை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். கோபித்துக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன்.

“நிப்பாட்டாத,” என்றாள். “இந்த அடிய பாதியில நிப்பாட்டக் கூடாதும்மா. முடியட்டும்.”

அதனால் யாரும் உள்ளே போகவில்லை. பாட்டு முடியும்வரை ஈர விரிப்பு என் கையில் சொட்டிக்கொண்டிருந்தது. மம்பட்டிக்காரர் அதைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. அந்தப் பாட்டில் அவன் ஒரு சொல்கூடப் பாடவில்லை. அந்த ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு போனான், கொஞ்சம் வளைத்தான், விட்டான், திரும்பப் பிடித்தான். மூன்றாவது ஆல்பத்தில் வாசித்துத் தள்ளிய அதே கைதானா இது?

முடிந்ததும் அத்தை கேட்டாள். “யாருக்கு அடிச்சது இது?”

“யாருக்கும் இல்ல அத்தை. சும்மா பாட்டு.”

“சாவு அடிய யாராச்சும் சும்மா அடிப்பாங்களா?” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

அவள் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. கொரோனா நேரத்தில் அவனுடைய அப்பா போனார். ஊரடங்கு. பெட்டியை மூடியே கொண்டுபோய் எரித்தார்கள். ஆள் கூடக் கூடாது, தப்பு அடிக்கக் கூடாது. லயத்து ஆட்கள் கதவுக்கு உள்ளேயே நின்று அழுததாக அப்போது போனில் சொன்னான். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவன் பேசியதே இல்லை. நானும் கேட்டதில்லை.

மிச்ச இரண்டு பாட்டையும் கேட்டுக்கொண்டே துணியைக் காயப்போட்டுவிட்டு, சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் கோயில் வளைவுக்கு ஏறினேன். ஏறும்போது கணக்குப் போட்டேன். ஏழு பாட்டை வைத்துப் பார்த்தால் ஐந்துதான், அதில் மாற்றமில்லை. ஆனால் அந்த ஒன்று? எங்கள் மூன்று ஆல்பத்தையும் அடுக்கி வைத்தாலும், என்னுடைய அந்த எட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அதைக் கேட்டு யாராவது அடுப்பை அணைத்தார்களா? கை தட்டினார்கள், விசில் அடித்தார்கள், அவ்வளவுதான். அதை ஒத்துக்கொள்ள எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். உண்மையைச் சொன்னாலே போதும், அவன் இங்கே இருந்துவிடுவான். இத்தனை நாளில் எனக்கு வேண்டியதும் உண்மையும் ஒரே பக்கம் நின்றது இதுதான் முதல் தடவை என்று தோன்றியது.

முதல் மணியிலேயே எடுத்தான்.

“ஒம்போது,” என்றேன்.

எங்களில் யாரும் எட்டுக்கு மேல் போட்டதில்லை.

“பாட்டெல்லாம் ஒன்னும் ஒம்போது இல்ல. நீ பாடுறத முதல்ல நிப்பாட்டு. ஆறாவது பாட்டுக்குத்தான் இந்த நம்பர்.” பிறகு காலையில் நடந்ததைச் சொன்னேன். அத்தை, சோற்றுப் பானை, போன் போட்டவர் என்று எல்லாவற்றையும்.

“மம்பட்டி எடுத்துக்கிட்டு வந்தாங்களாக்கா?” என்றான்.

“ஆமா. பாதைக்கே வந்துட்டாரு.”

“நெசமாவா?”

“நெசமா.”

அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழட்டும் என்று காத்திருந்தேன். அடுத்த ஆல்பத்தை மறுபடி புள்ளைக் காம்பராவிலேயே செய்யலாமா என்று கேட்க வாய்வரை வந்துவிட்டது.

“அப்ப சரிக்கா,” என்றான். “நான் போயிடுறேன்.”

“என்னப்பா பேசுற? ஒம்போதுன்னு சொல்றேன்.”

“அதனாலதான். சரியா வரலன்னா இருந்து இன்னொரு தடவ போட்டுப் பாக்கணும்னு இருந்தேன். அப்பாவுக்கு அடிக்காம போக மனசு வரல. இப்ப ஒரு லயமே எந்திரிச்சு வந்துருச்சுல்ல. இனி போகலாம்.”

கொழுந்துச் சாக்கு ஏற்றிய லொறி ஒன்று வளைவில் முனகிக்கொண்டு ஏறியது. அது மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன், லொறி ஒரு சாக்கு. ஐந்து என்றிருந்தால் இருந்திருப்பான். அந்த ஐந்தைச் சனிக்கிழமையே சொல்லியிருக்கலாம். அப்போது அது பொய்யாகவும் இருந்திருக்காது. இப்போது எப்படிச் சொல்வது? அவன் மேல் கோபம் வந்தது. அவன் அப்பாவுக்காக அழுகையும் வந்தது. இரண்டுக்கும் நடுவில் கேட்கத் துடித்தது ஒன்றே ஒன்றுதான்: நீயும் போய்விட்டால் நான் யாரோடு பாடுவது?

கேட்கவில்லை. “எப்ப பயணம்?” என்றேன்.