நீலக் காரில் வெள்ளிப் புள்ளிகள்

அப்பாவும் சித்தப்பாவும் பேச்சை நிறுத்தியதற்குக் காரணம் கார்தான் என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை. எங்கள் வீட்டில் அப்போது அந்தக் காரைவிடப் பெரிய பொருள் எதுவும் கிடையாது.

வரிச்சிக்குடியில் எங்கள் மனையில் இரண்டு வீடுகள். பழைய ஓட்டு வீட்டில் நாங்கள் இருந்தோம். பக்கத்திலேயே புதிதாகக் கட்டிய சின்ன வீட்டில் சித்தப்பாவும் சித்தியும் இருந்தார்கள். அப்பா குரும்பகரத்தில் பள்ளிக்கூட வாத்தியார். சித்தப்பாவுக்குக் காரைக்காலில் அரசாங்க ஆபீஸ் வேலை. சித்தி டவுனைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். அவர்கள் கல்யாணம் மாதா கோயிலில் நடந்தபோது எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. எனக்குக் காய்ச்சல் என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். அந்த நாளில் நான் வாசலில் பாண்டி ஆடியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகும் அண்ணன் தம்பிக்குள் கொஞ்சம் பேச்சு இருந்தது. மோட்டார் போட்டாச்சா, கரண்ட் எப்ப வரும் என்ற அளவில்.

அந்தச் சமயத்தில்தான் அப்பா கார் வாங்கினார். ஒரு டாக்டர் ஓட்டிய பழைய கார். ஆனாலும் அதன் கருநீலத்தில் முகம் தெரியும். அப்பா தினமும் காலையில் அதைத் துடைத்துவிட்டு, பைக்கில் பள்ளிக்கூடம் போவார். ஓட்டினால் தேய்ந்துவிடும் என்று பயந்தாரோ என்னவோ, விசேஷத்துக்குத்தான் வெளியே எடுப்பார்.

ஒருநாள் சித்தப்பா தன் வீட்டு கேட்டுக்கு வெள்ளி நிறத்தில் ஸ்பிரே பெயின்ட் அடிக்க ஆள் வரச் சொல்லியிருந்தார். அப்பா பள்ளியில் இருந்தார். மத்தியானம் கடற்காற்று வீசியது. கேட்டுக்குப் போக வேண்டிய பெயின்ட்டில் கொஞ்சம் காற்றோடு வந்து காரின் மேல் படிந்துவிட்டது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, இருட்டு வானத்தில் பொடிப்பொடியாக நட்சத்திரம் தெளித்த மாதிரி. தொட்டுப் பார்த்தால் உப்புத்தாள் போலச் சொரசொரவென்றிருந்தது.

சாயங்காலம் அப்பா வந்து, பானெட்டில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்காமல் சித்தப்பா வீட்டுப் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

“ஒரு வார்த்த சொல்லியிருந்தா வண்டிய நகத்தி விட்டுருப்பேன்ல. எதுக்குமே ஒரு வார்த்த சொல்றதில்ல. எல்லாத்தையும் செஞ்சு முடிச்சப்புறம்தான் நமக்குத் தெரிய வரணும்.”

சித்தப்பா கேட்டுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்றோடு மோட்டார், கரண்ட் பேச்சும் நின்றது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என்னை அனுப்பினார்கள். இரண்டு வீட்டுக்கும் நான் தேவைப்பட்டதில் எனக்குப் பெருமைதான்.

காரைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் வைத்தியம் சொன்னார்கள். மண்ணெண்ணெய் போடச் சொன்னார் ஒருவர். பல் விளக்கும் பேஸ்ட் என்றார் இன்னொருவர். அப்பா டவுனிலிருந்து பாலிஷ் போடுகிறவரை அழைத்து வந்தார். அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “மேல ஒட்டியிருக்கிறத எடுக்காம மிஷின் வச்சா கோடு கோடா இழுத்துரும் சார். மொதல்ல இத எடுக்கணும். அதுக்குன்னு ஒரு களிமண்ணு இருக்கு, பாண்டிச்சேரியில கெடைக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட்டார். காரைத் துடைப்பதையும் நிறுத்திவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை சித்தப்பா எங்கள் வாசலுக்கு வந்தார். கையில் ஒரு வாளி, துண்டு, சின்ன டப்பா. டப்பாவுக்குள் சோப்புக்கட்டி போல ஒன்று இருந்தது.

“என்ன தம்பி இது?” என்றாள் அம்மா.

“களிமண்ணு அண்ணி. கார் தொடைக்கிறது. பாண்டிக்குப் போயி வாங்கிட்டு வந்தேன்.”

“களிமண்ணு வாங்கவா பாண்டி வரைக்கும் போனீங்க? நம்ம வயல்ல இல்லாத களிமண்ணா?”

சித்தப்பா சிரித்தார். உள்ளே அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ‘வேண்டாம்’ என்று அவர் சொல்லவில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டினார்.

அவருக்கும் இந்த வேலை புதிது. கைப்பேசியில் யூடியூபைப் போட்டு, பார்த்துப் பார்த்துச் செய்தார். முதலில் வண்டியை நன்றாகக் கழுவினார். பிறகு ஒரு கை அகலத்துக்குச் சோப்புத் தண்ணீரைத் தெளித்து, களிமண்ணைத் தட்டையாக்கி, அழுத்தாமல் முன்னும் பின்னும் தேய்த்தார். முதலில் சரசரவென்று சத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கி, களிமண் வழுக்கிக்கொண்டு போனது. திருப்பிக் காட்டினார். அதில் வெள்ளிப் பொடி அப்பியிருந்தது. அதை மடித்துப் பிசைந்து, சுத்தமான பக்கத்தை வெளியே கொண்டுவந்து அடுத்த இடத்துக்குப் போனார். கை தவறிக் களிமண் துண்டு ஒன்று தரையில் விழுந்தபோது நான் எடுத்துக் கொடுத்தேன். “வேணாம் பாப்பா, இதுல மணல் ஒட்டிருக்கும். கீறிடும்” என்று தூரப் போட்டார்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி இருந்தது. கையில் பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு தடவினால், வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பும் தெரியும். அந்த வேலை எனக்கு. கறிவேப்பிலை வாங்கிய கவரை மாட்டிக்கொண்டு, “இங்க இருக்கு சித்தப்பா, இங்கயும் இருக்கு” என்று நான் அதிகாரம் செய்துகொண்டிருந்தேன். அம்மாவும் ஒருமுறை வந்து கவரை வாங்கித் தடவிப் பார்த்தாள்.

வெயில் ஏறியது. அப்பா உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டார். மடியில் பேப்பர் காலையில் விரித்த பக்கத்திலேயே கிடந்தது. கார் சாவியை என்னிடம் நீட்டினார்.

“வேப்பமரத்து நெழலுக்கு நகத்திக்கச் சொல்லு. வெயில்ல காய வேணாம்.”

நான் ஓடிப்போய்ச் சொன்னேன். சித்தப்பா சாவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “யாரு காய வேணாமாம்? வண்டியா, நானா?” என்று கேட்டார். எனக்கு அது தெரியவில்லை. “தெரியல சித்தப்பா” என்றேன். அவர் முகம் அன்று முழுக்க இல்லாத அளவுக்கு மலர்ந்திருந்தது. அதன் பிறகு வேலையும் வேகமாக நடந்தது.

அம்மா கொடுவா மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். பெரிய சட்டியில் வைத்தாள். சித்தி கேட்டருகே வந்து நின்று பார்ப்பதும் உள்ளே போவதுமாக இருந்தாள். எங்கள் வாசலுக்கு அவள் அதுவரை வந்ததில்லை.

வேலை முடிந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. நான் கவரை மாட்டிக்கொண்டு காரைச் சுற்றி வந்தேன். கண்ணாடியைத் தடவுவது போல இருந்தது. சித்தப்பா கையைக் கழுவி, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, எங்கள் வாசற்படிக்கு நேராக வந்து நின்றார். சித்தியும் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்திருந்தாள்.

“அப்பாகிட்ட போயி கேளு பாப்பா. எல்லாம் சரியாயிடுச்சான்னு கேளு.”

உள்ளே போய்க் கேட்டேன். அப்பா நாற்காலியின் கைப்பிடிகளைப் பிடித்தார். எழப்போகிறார் என்று நினைத்தேன். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். சித்தப்பாவையும் பார்த்தார், அவருக்குப் பின்னால் நின்ற சித்தியையும் பார்த்தார். கைகள் தளர்ந்தன.

“கார் சரியாயிடுச்சுன்னு சொல்லு.”

நான் துள்ளிக்கொண்டு ஓடினேன். “கார் சரியாயிடுச்சாம் சித்தப்பா!”

அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அவசரமாக வெளியே வந்து, “சாப்பிட்டுட்டுப் போங்க தம்பி. அவங்களையும் கூப்பிடுங்க” என்றாள். சொல்லிவிட்டு அவளும் திரும்பி உள்ளே பார்த்தாள். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

“இருக்கட்டும் அண்ணி. இன்னொரு நாளைக்கு” என்று வாளியை எடுத்துக்கொண்டு சித்தப்பா போனார்.

பாலிஷ் போடுகிறவர் வந்தார், போட்டார், கார் பளபளத்தது. அந்த வருஷம் முடிவதற்குள் சித்தப்பா மாற்றல் வாங்கிக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் போய்விட்டார். அங்கேதான் அவர்களுக்குப் பிள்ளை பிறந்தது. இப்போது அண்ணனும் தம்பியும் உறவுக்காரர் கல்யாணங்களில் பார்த்துக்கொள்கிறார்கள். எப்ப வந்த, எப்பக் கெளம்புற, அவ்வளவுதான்.

தாத்தா இறந்தபோது சித்தப்பா நடக்கப் பழகுகிற குழந்தை என்பதும், அப்பாதான் அவரைத் தூக்கி வளர்த்தார், படிக்க வைத்தார் என்பதும், தம்பியின் கல்யாண விஷயம் பள்ளிக்கூடத்தில் யாரோ பேசிக்கொண்டபோதுதான் அவர் காதில் விழுந்தது என்பதும் அம்மா எனக்குப் பின்னால் சொன்னவை.

போன மாதம் அப்பாவை என் காரில் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். பூவம் தாண்டும்போது அவர் திடீரென்று, “அன்னைக்கு நான் எந்திரிச்சி வாசலுக்குப் போயிருக்கணும்” என்றார். எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. “இப்ப போன் போட்டுத் தரட்டுமாப்பா?” என்று மட்டும் கேட்டேன். “என்னன்னு ஆரம்பிக்கிறது” என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சித்தப்பா கேட்டு அனுப்பியது அப்பாவுக்குப் புரிந்திருந்தது. அம்மாவுக்கும், கேட்டுக்கு வெளியே நின்ற சித்திக்கும் புரிந்திருந்தது. அந்தக் கேள்வி காரைப் பற்றியது என்று அன்றைக்கு நினைத்தவள் நான் ஒருத்திதான்.